தசைவலிக்கு விற்கப்படும் மாத்திரைகளும் பொடிகளும்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

எடைப்பயிற்சி செய்பவர்களின் பையில் தண்ணீர்ப் புட்டிக்கும் துண்டுக்கும் பக்கத்தில் இப்போதெல்லாம் ஒரு மாத்திரை அட்டையும் ஒரு வலிநீக்கி ஜெல்லும் இடம்பிடித்துவிட்டன. வீட்டு அலமாரியிலோ புரதப் பொடி டப்பாவும், அதைச் சுற்றிக் கிரியேட்டின், பி.சி.ஏ.ஏ., குர்குமின் என்று சிறிய டப்பாக்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியைக் குறைத்து உடலை விரைவில் தேற்றும் என்று சொல்லித்தான் இவை எல்லாமே விற்கப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை நான் வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றைப் பற்றியும் வெளிவந்துள்ள ஆய்வுகளையும் தேடிப் படித்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக விழுங்கும் வலி மாத்திரை, நாம் எந்தப் பலனுக்காக வியர்வை சிந்துகிறோமோ அந்தப் பலனையே அரித்துவிடக்கூடும்; ஜெல்லுக்கு ஓர் அளவான இடம் உண்டு; பொடிகளில் கொடுத்த காசுக்குத் தகுந்தவை இரண்டுதான்.

இந்த வலி எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தை மதிப்பிட முடியாது. தொடைக்கு நன்றாகப் பயிற்சி கொடுத்தால், மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் மாடிப்படியில் இறங்குவது பெரும்பாடாக இருக்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருக்கும். ஏறுவதோ அவ்வளவு சிரமமாக இருக்காது. பயிற்சி முடிந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே அடங்கும் வலி இது. எடையைத் தூக்கும்போது ஏற்படுவதைவிட, அதை மெதுவாக இறக்கும்போது, அதாவது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது, தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைச் செப்பனிட உடல் எழுப்பும் அழற்சியும்தான் இதற்குக் காரணம். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று பல ஜிம்களில் இன்றும் சொல்கிறார்கள். பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுவதால், இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதைக் காரணமாகச் சொல்ல வழியில்லை. அழற்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் அதை அணைத்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இங்கே அது பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதியாக இருக்கிறது.

இனி மாத்திரைகள். நம் ஊர் மருந்துக்கடையில் "ஜிம்முக்குப் போனேன், உடம்பெல்லாம் வலி" என்று சொன்னால் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது ஐபுப்ரோஃபென், தனியாகவோ பாராசிட்டமாலுடன் சேர்ந்தோ வருவது; காம்பிஃப்ளாம் மாத்திரையில் 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் உள்ளன. இரண்டாவது டைக்ளோஃபினாக். மூன்றாவது அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால், செர்ராசியோபெப்டிடேஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரைகள் மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. அட்டையில் அதற்கான சிவப்புக் கோடும் இருக்கிறது. ஆனாலும் நான் கேட்ட கடையில் சீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி நான்கு மாத்திரைகளைத் தாள் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது, காலாவதித் தேதி மற்ற துண்டோடு கடையிலேயே தங்கிவிட்டது. எந்த மருந்தை, எவ்வளவு விழுங்குகிறோம் என்று தெரியாமலேயே விழுங்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. காய்ச்சலுக்கு ஏற்கெனவே பாராசிட்டமால் எடுத்துக்கொண்டிருப்பவர் இந்தக் கூட்டு மாத்திரையையும் விழுங்கினால், அதே மருந்து உடலுக்குள் இருமடங்காகச் சேருகிறது. அளவு மிஞ்சினால் அது கல்லீரலைத் தாக்கும்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் வேலை செய்யும் விதத்தை ஆஸ்பிரினைக் கொண்டு 1971-இல் விளக்கியவர் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன். 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காக்ஸ் எனப்படும் நொதியை இவை முடக்குகின்றன. அதனால் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவது குறைகிறது. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன, சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாய்களை விரித்து வைக்கின்றன, சேதமடைந்த தசை மீண்டும் வளரத் தேவையான சமிக்ஞைகளிலும் பங்கெடுக்கின்றன. மாத்திரை இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அடக்குவதில்லை.

வலி குறைகிறதா என்றால், என் அனுபவத்தில் ஓரளவு குறைகிறது, சில மணி நேரத்துக்கு. ஐபுப்ரோஃபென் விழுங்கிய அன்று மாலை படி இறங்குவது எளிதாக இருந்தது. இரவில் மருந்தின் வேகம் அடங்கியதும் அதே விறைப்பு திரும்பியது. தசை தேறிவிட்டது என்று காட்டும் எந்த மாற்றத்தையும், அதாவது அடுத்த பயிற்சியில் அதே எடையை அதே எண்ணிக்கையில் தூக்கும் வலுவை, மாத்திரை விரைவாகக் கொண்டுவந்ததை நான் கண்டதில்லை. வலி தெரியாமல் போவதும் தசை தேறுவதும் ஒன்றல்ல என்பதை, மாத்திரை போட்டுக்கொண்டு உடனே அடுத்த கனமான பயிற்சியில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

தசை வளர்ச்சியைப் பற்றிய ஆய்வுகள் இதைவிடக் கவலை தருகின்றன. கடுமையான பயிற்சிக்குப் பின் 1200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் கொடுக்கப்பட்டவர்களுக்கும், 4000 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுக்கப்பட்டவர்களுக்கும், தசையில் புதிய புரதம் உருவாகும் வேகம் வழக்கம்போல் உயரவில்லை என்று 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், 18 முதல் 35 வயதுள்ள ஆரோக்கியமான ஆண்களையும் பெண்களையும் எட்டு வாரம் தொடைப் பயிற்சி செய்யவைத்து, ஒரு பிரிவினருக்குத் தினமும் 1200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனும் மற்றவர்களுக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். சிறிதளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களின் தொடைத்தசை 7.5 விழுக்காடு பெருத்தது. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களுக்கு அது 3.7 விழுக்காடு மட்டுமே. எட்டு வார உழைப்பின் பலனில் பாதி போயிற்று என்பதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை. 1200 மில்லிகிராம் என்பதும் அசாதாரண அளவன்று, 400 மில்லிகிராம் மாத்திரை நாளொன்றுக்கு மூன்றுதான். அளவு குறைந்தால் பாதிப்பும் குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும்: பயிற்சி நாள்களில் மட்டும் 400 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் தசை வளர்ச்சி குறையவில்லை என்று 2008-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆய்வில் தசைவலியும் குறையவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வில் இம்மருந்துகள் எடுத்தவர்களுக்குத் தசை கூடுதலாகவே வளர்ந்தது என்பதால், இளைஞர்களுக்குப் பொருந்துவதை முதியவர்கள்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது. மூட்டுவலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்த வேண்டாம்.

நம் வெயிலில் சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மின்விசிறி மட்டுமே சுழலும் ஜிம்மில் சித்திரை மாதத்து மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் பனியனைப் பிழியலாம். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிப்பவை அந்தப் புரோஸ்டாகிளாண்டின்களே. அந்த நேரத்தில் அவற்றை மாத்திரை போட்டு அடக்குவது ஆபத்து. நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கான அறிகுறிகள் காணப்பட்டன. ஜிம் பயிற்சி அவ்வளவு கடுமையானதன்று என்றாலும், பயிற்சிக்கு முன்பே "தடுப்புக்காக" ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் அறவே எதிர்ப்பது இதனால்தான். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். இரைப்பைப் புண் உள்ளவர்களும் இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

மழைக்காலத்தில் மற்றொரு எச்சரிக்கை. டெங்குவின் தொடக்கத்திலும் உடம்பு முறிவதுபோல்தான் வலிக்கும். முந்தைய நாள் ஜிம்முக்குப் போனவர் அதைப் பயிற்சி வலி என்று எண்ணி ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபினாக்கோ விழுங்கினால், இரத்தத் தட்டணுக்கள் குறையும் அந்நோயில் இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடிவிடும். வலியோடு காய்ச்சலும் இருந்தால் இந்த மாத்திரைகள் வேண்டாம்.

கூட்டு மாத்திரையில் உள்ள செர்ராசியோபெப்டிடேஸ் பற்றி ஒரு சொல். வீக்கத்தைக் கரைக்கும் என்று சொல்லி நம் நாட்டில் தாராளமாக எழுதப்படும் நொதி இது. இதை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஜப்பானிலேயே, வெற்று மாத்திரையைவிட இது மேலானது என்று நிரூபிக்க முடியாததால் 2011-இல் டக்கேடா நிறுவனம் தானே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இதற்காகக் கூடுதல் விலை கொடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஜெல்லும் ஸ்பிரேயும் எனக்கு மாத்திரையைவிட நல்ல துணையாக இருந்திருக்கின்றன. வோலினி ஜெல்லில் டைக்ளோஃபினாக்குடன் மெத்தில் சாலிசிலேட்டும் மென்தாலும் உள்ளன. தடவியவுடன் உணரும் குளிர்ச்சியும் பின்னர் வரும் சூடும் கடைசி இரண்டின் வேலை. நம் பாட்டிமார் தடவிய அமிர்தாஞ்சனத்தின் நெடியில் பழகிய மூக்குக்கு இந்த வாசனை புதிதன்று. தோலில் தடவும்போது இரத்தத்தில் சேரும் டைக்ளோஃபினாக், மாத்திரையாக விழுங்கும்போது சேருவதில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் என்பதால் இரைப்பையும் சிறுநீரகமும் பெரும்பாலும் தப்புகின்றன. தோள்பட்டையிலோ முழங்கையிலோ ஓரிடத்தில் மட்டும் பிடிப்போ சுளுக்கோ ஏற்பட்டால் இது நல்ல தேர்வு. தொடை, முதுகு, மார்பு என்று உடம்பு முழுவதும் வலிக்கும்போது குழாய் முழுவதையும் பிதுக்கித் தேய்ப்பதில் பொருளில்லை. தடவிய இடத்தின்மேல் சூடான ஒத்தடம் கொடுப்பதையும் இறுக்கமாகத் துணி கட்டுவதையும் தவிர்க்க வேண்டும்; தோல் வெந்துபோகும். தசைவலியைக் குறைக்கும் வழிகளை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பு ஆய்வில் முதலிடம் பெற்றது மருந்து எதுவுமன்று, தசையை உருவிவிடுவதுதான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். வீட்டில் நல்லெண்ணெய் தடவி உருவிவிட ஆள் இருப்பவர்களுக்கு அதுவே போதும்.

பொடிகளில் முதலில் வே புரோட்டீன். பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கப்படும் இந்தப் புரதத்தின் தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. கேள்வியெல்லாம் நமக்கு அது தேவையா, டப்பாவில் இருப்பது அதுதானா என்பவைதான். எடைப்பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் எடுப்பதால் தசை கூடுதலாக வளர்வதில்லை என்று 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரை காட்டுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம். காலையில் இட்லி, மதியம் சாதம், இரவில் தோசை என்று உண்பவர் அந்த அளவில் பாதியைத் தொடுவதே கடினம். மூன்று முட்டையில் 18 கிராம் அளவுக்கும், வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 9 கிராம் அளவுக்கும் புரதம் இருக்கிறது. பால், தயிர், மீன், பருப்பு ஆகியவற்றைத் திட்டமிட்டுச் சேர்த்தால் பலருக்கும் பொடியே தேவைப்படாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடலை வளர்க்கப் புரதப் பொடியை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். முட்டையோ மீனோ உண்ணாத, வேலைக்கு ஓடிக்கொண்டே பயிற்சியும் செய்கிற ஒருவருக்கு நாளுக்கு ஒரு ஸ்கூப் நியாயமான உதவி. வலியைக் குறைப்பதற்காக மட்டும் வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

டப்பாவைத் திறக்கும்போது சிலவற்றைக் கவனித்தே ஆக வேண்டும். நான் கடைசியாக வாங்கிய டப்பாவில் ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்று அச்சிட்டிருந்தது. சமையலறைத் தராசில் ஸ்கூப்பைத் தலைதட்டி நிறுத்தால், பொடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்து எடை மாறுகிறது. ஸ்கூப்பை நம்பாமல் தராசை நம்புவதே சரி. பொருள்களின் பட்டியலில் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிட வேண்டும். புரதத்தின் அளவைப் பெரும்பாலும் நைட்ரஜனைக் கொண்டே கணக்கிடுவதால், இவற்றைக் கலந்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்ட முடியும். இது வெறும் சந்தேகமன்று. கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் அவருடைய குழுவினரும் இந்தியச் சந்தையிலிருந்து 36 புரதப் பொடிகளை வாங்கிச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 25 பொடிகளில் புரத அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினும் பூச்சிக்கொல்லி எச்சங்களும் இருந்தன. ஆகவே எந்த விளம்பரத்தைவிடவும், அந்தத் தொகுதிக்குரிய வெளி ஆய்வக அறிக்கையைக் காட்டும் நிறுவனத்துக்கே என் காசு போகும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கான்சன்ட்ரேட் வகை வயிற்றை உப்பச் செய்யும்; பாலின் சர்க்கரையான லாக்டோஸ் மிகக் குறைந்த ஐசோலேட் வகை அவர்களுக்கு ஏற்றது, விலைதான் கூடுதல்.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட் இந்த அலமாரியிலேயே எனக்கு அதிக மதிப்புள்ள பொருள். நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும், தண்ணீரில் கலந்து குடித்தால் போதும். சுவையும் கிடையாது, மணமும் கிடையாது. சில வாரங்களில், கடைசிச் சுற்றில் முன்பு எட்டுடன் நின்ற கை இன்னும் ஒன்றோ இரண்டோ தூக்கியது. இறைச்சியிலும் மீனிலும் இயல்பாக உள்ள பொருள் என்பதால், சைவ உணவு உண்பவர்களின் தசையில் இதன் இருப்பு குறைவு. பலனும் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். வலுவைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் ஏராளம். வலியைத் தணிக்கிறது என்பதற்கு ஆதாரம் மெலிது. இதை எடுப்பவர்கள் முழு உடல் பரிசோதனைக்குப் போனால் சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் "கிரியேட்டினின்" என்ற கழிவுப்பொருளின் அளவு இரத்தத்தில் சற்று உயர்ந்து காட்டக்கூடும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீட்டார் பதறுவதற்குமுன், இந்தப் பொடி எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக்கூடாது.

பி.சி.ஏ.ஏ. பொடிக்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை வண்ணமும் பழவாசனையும் சேர்த்து விற்கிறார்கள். தசை கட்டுவதற்கு இன்றியமையாத ஒன்பதும் தேவைப்படும்போது மூன்றை மட்டும் கொடுத்துப் பயனில்லை. போதுமான புரதம் உண்பவருக்கு இந்த மூன்றும் அதிலேயே வந்துவிடுகின்றன.

குர்குமின் மாத்திரையின் கதை நமக்கு நெருக்கமானது. மஞ்சளில் உள்ள இந்தப் பொருள் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அதோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் உறிஞ்சப்படும் அளவு பலமடங்கு உயர்கிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் கண்டார்கள். மஞ்சள்பாலில் மிளகைத் தட்டிப் போடும் வழக்கம் அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடே என்பதால், ஒரு டம்ளர் பாலில் கிடைப்பதும் ஆய்வுகளில் கொடுக்கப்படும் அளவும் ஒன்றாகாது. தசைவலியைச் சற்றுக் குறைக்கும் என்று காட்டும் சிறிய ஆய்வுகள் உள்ளன. என்னால் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உணர முடியவில்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக இத்தாலியில் 2019-இல் அரசே எச்சரித்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இது ஆகாது. பாலில் கலந்து குடிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வைட்டமின் சி, ஈ ஆகியவற்றை அதிக அளவில் எடுத்தால் உடல் தேறும் என்று பரிந்துரைப்பவர்களும் உண்டு. தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யுடன் வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களுக்குப் பயிற்சியால் வரவேண்டிய இன்சுலின் உணர்திறன் மேம்பாடு, அதாவது இன்சுலினுக்கு உடல் நன்றாக இணங்கும் தன்மை, தடைப்பட்டது என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. நெல்லிக்காயும் கொய்யாவும் தின்பதற்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. புளிப்புச் செர்ரிச் சாறு நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கு ஓரளவு உதவுகிறது. இறக்குமதி விலையைப் பார்த்தால் வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறவருக்கு அது தேவையற்ற செலவு.

இன்று என் பையில் மாத்திரை அட்டை கிடையாது, ஜெல் உண்டு. வீட்டில் கிரியேட்டினும், உணவில் புரதம் குறையும் நாள்களுக்காக ஒரு டப்பா வே புரோட்டீனும் இருக்கின்றன. பயிற்சிச் சுமையைப் படிப்படியாகக் கூட்டுபவர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது என்பது என் கருத்து. ஒருமுறை வலித்த அதே பயிற்சியைச் சில நாள் கழித்து மீண்டும் செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்துவிடுவதை யாரும் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

மேலே சொன்ன எதையும் பயன்படுத்தக் கூடாத ஒரு நிலை உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் நாளே அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தவருக்குத் தசை கல்போல் வீங்கி, கை மடங்காமல், சிறுநீர் கோலா நிறத்தில் அல்லது திக்கான டிக்காஷன் நிறத்தில் பிரிந்தால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். அந்த நேரத்தில் விழுங்கும் வலி மாத்திரை பாதிப்பை இன்னும் மோசமாக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று, பயிற்சி செய்ததையும், எடுத்த மாத்திரை, பொடி அனைத்தையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.